மூன்று தீக்குச்சி கனம்

பலகைத் தரையில் இணைப்பு விட்டுவிட்டது என்று யாராவது கூப்பிட்டால், போனவுடன் பலகையைப் பார்க்காதீர்கள். சுவரோரம் போய் உட்காருங்கள். சுவரடியில் ஓடும் அடிப்பட்டையை ஒரு முழ நீளத்துக்குக் கழற்றுங்கள். பலகையின் முனைக்கும் சுவருக்கும் நடுவில் உங்கள் சுண்டுவிரல் நுனி போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் பாதி விசாரணை முடிந்தது.

லேமினேட் போடுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்குள் வரும் தாளில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். கெட்டுப்போன தரையைப் பார்ப்பது எப்படி என்பது அந்தத் தாளில் இல்லை. இணைப்பு மூன்று விதமாகக் கெடும். கூடாரம் மாதிரி மேலே தூக்கி நின்றால் தரைக்கு நீளப் போக்கிடம் இல்லை. சுவரோ, கதவு நிலையோ, நடுவில் திருகி வைத்த கனமான அலமாரியோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தரை படுத்தே இருந்து, இணைப்பின் இரண்டு உதடும் மட்டும் விரலுக்குத் தடித்துத் தெரிந்தால் தண்ணீர் போயிருக்கிறது. நடந்தால் 'டக்' என்று அமுங்கி எழுந்தால் அடியில் பள்ளம். பக்கத்துப் பலகைக்குள் கோத்திருக்கும் நாக்கு உடைந்திருக்கும். பலகையே மட்ட ரகம் என்று சொல்ல வேண்டிய இடமும் வரும். ஆனால் நான் பார்த்தவரை அது கடைசியாகச் சொல்ல வேண்டியது. எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்கிறோம்.

நானும் சொன்னேன். அதைச் சொன்ன இடம் விருத்தாசலம். அப்போது பலகைத் தரை அந்தப் பக்கமே வரவில்லை. பீங்கான் டைல் தரை. நான் போட்டது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். செங்கல் சூளையில் மண் மிதித்தேன், லாரியில் கிளீனராக ஆந்திரா வரை போனேன், பெங்களூரில் மொசைக் தரைக்கு மெஷின் பிடித்தேன், கேரளாவில் டைல் ஒட்டக் கற்றுக்கொண்டேன். ஒரு ஊரில் எட்டு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. வேலை முடியும், கால் அரிக்கும், பஸ் ஏறிவிடுவேன். எண்பதுகளின் கடைசியில் விருத்தாசலத்துக்கு வந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். வந்த மூன்றாம் மாதம் மஞ்சள் காமாலை வந்து, டீக்கடைக்குப் பின்னால் இருந்த ஒரு அறையில் இரண்டு மாதம் கிடந்தேன். எழுந்தபோது வேலை வந்தபடி இருந்தது. சின்னச் சின்னப் பீங்கான் கொட்டகைகள் நிறைந்த ஊர். ஃபியூஸ் கட்டையிலிருந்து பொம்மை வரை சுட்டார்கள். ஓரிரு கொட்டகைகளில் தரை டைலும் சுட்டார்கள்.

அந்த ஊரில் ஒரு பழக்கம். டைல் வாங்க வருகிறவர் முதலில் விலை கேட்கமாட்டார். மீன்காரியிடம் கேட்பதுபோல, "எப்ப எறக்குனது?" என்று கேட்பார். இன்று காலை சூளையிலிருந்து இறக்கியது என்றால் முகம் மலரும். அடுக்கி வைத்த சரக்கில் நேற்றைய சூளையும் போன மாதச் சூளையும் கலந்திருக்கும், நிறம் ஒன்றுக்கொன்று பிடிக்காது என்று பயம். சூட்டோடு வந்தால் ஒரே சூளை, ஒரே நிறம். வைக்கோல் பரப்பிய டயர் வண்டியில் கை பொறுக்கிற சூட்டில் டைல் வந்து இறங்குவதைத் தெருவே நின்று பார்க்கும்.

எனக்கும் ஒரு பழக்கம் இருந்தது. தரை போட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சவர பிளேடை எடுப்பேன். வீட்டுக்காரர் முன்னால் இரண்டு டைலுக்கும் நடுவில் அதை நுழைக்கப் பார்ப்பேன். நுழையாது. அதோடு எழுந்து கைதட்டித் தூசியை உதறுவேன். என்னைத் தேடி வேலை வந்ததற்கு அந்தப் பிளேடுதான் காரணம்.

ஸ்ரீமுஷ்ணம் போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். அதில் சாப்பாட்டுக் கூடம் நாற்பதடி நீளம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மண்டபத்துக்காரர் நெல் பயிரிட்டு வளர்ந்த மனிதர். ஆவணி முகூர்த்தத்துக்குள் தரை வேண்டும் என்றார்.

"மேஸ்திரி, பந்தி எடுத்துட்டு பெருக்குறப்ப சோத்துப் பருக்க இடுக்குல மாட்டிக்குது. எறும்பு வருது. கோடே இருக்கக் கூடாது."

"பிளேடு போவாதுங்க."

"எறும்பு போவக் கூடாது. பிளேடு போனா எனக்கு என்னா?"

சுவருக்குச் சுவர் இறுக்கிப் போடுவதாகச் சொல்லிவிட்டு டைல் எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். அங்கே தரம் பிரிப்பவர் அஞ்சலை. நாற்பது வயது இருக்கும். எல்லோரும் அக்கா என்பார்கள், நானும். கம்மாபுரம் பக்கம் அவர்களுக்கு இருந்த கொஞ்சம் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் இந்த வேலைதான் சோறு. இரண்டு பெண்கள் ஸ்கூலில். சூளையிலிருந்து வருகிற டைலை இடது கையால் மூலையில் பிடித்துத் தொங்கவிட்டு, வலது கை விரல் முட்டியால் ஒரு தட்டு. கணீரென்றால் வலது பக்கம். டொக்கென்றால் இடது பக்கம். சந்தேகம் என்றால் டைலின் முதுகை நாக்கு நுனியில் வைப்பார். வேகாத மண் நாக்கைப் பிடித்து இழுக்கும்.

அன்று அவர் எனக்கு டைல் எடுத்துக் கொடுத்தபடியே சொன்னார்.

"ஏம்பா மேஸ்திரி, இன்னம் கை சுடுது. பத்து நாளு காத்துல கெடக்கட்டுமே."

"மண்டபத்துக்காரரு சூடா வோணுங்கறாருக்கா."

"சோறா இது, சூடா துன்றதுக்கு?"

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். மூன்று நாளில் தரை முடிந்தது. மண்டபத்துக்காரர் கையிலேயே பிளேடைக் கொடுத்தேன். அவர் நாலு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரன்தான்" என்றார்.

கார்த்திகை, தை, மாசி என்று வரிசையாகக் கல்யாணம். ஒவ்வொரு பந்திக்கும் அப்புறம் குடம் குடமாய் ஊற்றிக் கழுவினார்கள். தரை பளபளவென்று இருந்தது. அடுத்த சித்திரையில், ஒரு நாள் நடுப்பகலில், மண்டபத்துப் பையனை சைக்கிளில் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போனபோது சமையல்காரர் வாசலில் நின்றிருந்தார். "பட்டுனு ஒரு சத்தம் மேஸ்திரி. கேஸு வெடிச்சுடுச்சுன்னு கரண்டிய போட்டுட்டு ஓடியாந்துட்டேன். வந்து பாத்தா தர எழுந்து நிக்குது."

நின்றுதான் இருந்தது. கூடத்தின் நடுவில், குறுக்கே, இரண்டு வரிசை டைல் ஒன்றின் மேல் ஒன்று தலை சாய்த்து, சாண் உயரத்துக்கு. கொட்டகை முதலாளி எனக்கு முன்பே வந்திருந்தார். மண்டபத்துக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு பதில் சொல்லப் போறீங்க?"

முதலாளி குனியவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னார். "வேவாத டைல்சு கலந்துடுச்சு. தண்ணி ஊறி உப்பிடுச்சு. பொம்பளய நம்பி வுட்டா இப்படித்தான். என்னா மேஸ்திரி?"

என்னிடம்தான் கேட்டார். நான் சொன்னேன்: "இருக்கலாம்ங்க."

என் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு அந்த ஒரு சொல். பொய் என்று யாரும் பிடிக்க முடியாத சொல். அதை மட்டும் உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். பார்க்காமல் இருந்தால் 'பார்க்கவில்லை' என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், அவர் பதிலுக்கு நாம் தலையாட்டத் தேவையில்லை.

அவர்கள் போனார்கள். டைலைப் பொறுக்கி ஓரமாக வைப்பதற்காக நான் இருந்தேன். அப்போதுதான் கையில் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் முழு டைல். இரண்டு மூன்றுதான் மூலை உடைந்திருந்தது. முதுகைத் திருப்பினால் கழுவிய தட்டு மாதிரி சுத்தம். சிமெண்ட் எல்லாம் கீழேயே தங்கிவிட்டது. முட்டியால் தட்டினேன், கணீரென்றது. சரி, திரும்ப அடுக்கி வைப்போம் என்று பெயர்ந்த வரிசையை அதே பள்ளத்தில், அதே இடத்தில் வைத்தேன். கடைசி டைல் உட்காரவில்லை. எவ்வளவு அமுக்கியும் ஒரு விளிம்பு பக்கத்து டைலின் மேல் ஏறியே நின்றது. அடியில் சிமெண்ட் துணுக்கு இருக்குமோ என்று துடைத்தேன். துணுக்கு இல்லை. ஏறி நின்ற அகலத்துக்கு ஒரு தீக்குச்சியைப் படுக்க வைத்தேன், போதவில்லை. இன்னொன்று. மூன்றாவது குச்சியில் சரியாக இருந்தது.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் நானே தட்டி உட்கார வைத்த இடத்தில் இன்று மூன்று தீக்குச்சி கனம் இடம் போதவில்லை. தரை வளர்ந்திருந்தது.

சுவரோரம் போய்க் கரண்டியால் பூச்சைச் சுரண்டினேன். டைல் நேராகச் செங்கல்லில் முட்டிக்கொண்டிருந்தது. முட்டிய இடத்தில் பூச்சு நெடுக விரிசல். எதிர்ச் சுவரிலும் அப்படியே. சூளையிலிருந்து காய்ந்து வந்த மண், காற்றின் ஈரத்தையும் கழுவுகிற தண்ணீரையும் குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்திருக்கிறது. டைலுக்கு டைல் மயிரிழை. நாற்பதடிக்கு மூன்று குச்சி. பாதி வளர்ச்சியை அது கொட்டகையிலேயே முடித்திருக்கும், பத்து நாள் கிடக்கவிட்டிருந்தால். மீதிக்கு நான் இடம் விட்டிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. சித்திரை வெயிலில் ஷீட்டுக்கு அடியில் கூடம் கொதித்ததும், போக்கிடம் இல்லாமல் மேலே வந்துவிட்டது.

பிளேடு நுழையாத தரை என்று நான் எழுந்து கைதட்டியது இதைத்தான்.

குச்சிகளைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் டீக்கடையில் பேச்சு: அஞ்சலையை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வேகாத டைலை நல்லதென்று தள்ளிவிட்டவள் என்று பேர் வந்துவிட்டால் அந்த ஊரில் எந்தக் கொட்டகையும் தரம் பிரிக்க வைக்காது. காதுதான் அவருடைய பிழைப்பு. அந்தக் காது பொய் என்றாகிவிட்டது.

அதற்கு மறுநாள் காலை, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சேலம் போய், அங்கிருந்து எங்காவது. எனக்கு அது புதிதில்லை. சேலம் பஸ்ஸுக்கு நின்றபோது எதிர்ப் பக்கம் கம்மாபுரம் பஸ்ஸுக்கு அஞ்சலை நின்றிருந்தார். கையில் தூக்குப் பாத்திரம். அவர்தான் தாண்டி வந்தார்.

"ஊருக்கா?"

"ஆமாக்கா."

"எந்த ஊரு?"

அவர் என் பையைப் பார்த்தார். ரசமட்டமும் கரண்டியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"போறது போ. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. அந்த டைல்ச எங்கிட்ட யாரும் காட்டல. கூடத்துக்குள்ளயே வுடல. ஒடஞ்சி கெடந்துதா, முழுசா கெடந்துதா?"

"முழுசாத்தான்."

"முழுசாவா?"

"மூல ரெண்டு மூணுதான் போயிருந்துது."

"பின்னாடி சிமெண்ட்டு புடிச்சிருந்துதா?"

"இல்லக்கா."

அவர் தூக்கைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். "வேவாதது இருந்த எடத்துலயே நொறுங்கிப் போவும்பா. எழுந்து நிக்கறதுக்குத் தெம்பு வாணாமா? நிக்குதுன்னா அது வெந்ததுதான்." மறுபடி என் பையைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் பைய எடுத்துக்கினு கெளம்பியிருக்க."

"யக்கா, நான்..."

"எங்கிட்ட எதுக்கு சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவருகிட்ட போயி சொல்லு."

கம்மாபுரம் பஸ் வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டார். அவருடைய அக்காள் வீட்டில் நாற்று நடவுக்கு ஆள் கேட்டிருந்தார்களாம், பிறகு தெரிந்தது.

சேலம் பஸ்ஸும் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறுறீங்களா, இல்ல வழியனுப்ப வந்தீங்களா?" என்றார். அங்கே நின்றபோது ஒன்று உறைத்தது. பெங்களூர், பாலக்காடு, நெல்லூர் என்று எத்தனையோ தரை போட்டிருக்கிறேன். அதில் ஒன்றுக்குக்கூட ஒரு வயது ஆனதை நான் பார்த்ததில்லை. அதற்குள் ஊரை விட்டிருப்பேன். பிளேடு நுழையவில்லை என்று காட்டியதோடு எனக்கு அந்தத் தரை முடிந்தது. எத்தனை வீட்டில் எழுந்து நின்றதோ, யார் யார் அதற்குப் பேச்சு வாங்கினார்களோ. மஞ்சள் காமாலை மட்டும் வராமல் இருந்தால் இந்தத் தரையையும் பார்த்திருக்கமாட்டேன்.

பையோடு நேராகக் கொட்டகைக்குப் போனேன். முதலாளி முதலில் நம்பவில்லை. பிறகு எரிச்சல்பட்டார்.

"முந்தாநாளு இருக்கலாம்னு சொன்ன. இன்னிக்கு இல்லங்கற. எத நம்பறது?"

"கூடத்துக்கு வாங்க. நான் சொல்றத நம்ப வாணாம். நீங்களே வச்சிப் பாருங்க."

வந்தார். மண்டபத்துக்காரரையும் கூப்பிட்டோம். பெயர்ந்த டைலை முதலாளி கையில் கொடுத்து, அதன் இடத்தில் வைக்கச் சொன்னேன். வைத்தார். அமுக்கினார். குதிகாலால் மிதித்தார். ஏறியே நின்றது. மூன்று குச்சிகளை எடுத்து வைத்துக் காட்டினேன். சுவரோரம் சுரண்டிய இடத்தைக் காட்டினேன். மண்டபத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டுப் பார்த்தார். வயல்காரர், வெடிப்பைப் பார்த்தால் புரிகிறவர்.

"அப்ப, எறும்பு போவக் கூடாதுன்னு நான் கேட்டதுதான் தப்பா?"

"நீங்க கேப்பீங்க. கேக்கறது ஒங்க பாடு. முடியாதுன்னு சொல்றதுக்குத்தான் நான் இருக்கேன். நான் சொல்லல. பிளேட காட்டிட்டுப் போயிட்டேன்."

முதலாளி அந்தக் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னா?" என்றார். உங்களிடம் மறைப்பானேன், பயம்தான்.

கூடம் முழுவதையும் நானே பெயர்த்து மறுபடி போட்டேன். இந்த முறை டைலுக்கு டைல் ஒரு தீக்குச்சி இடைவெளி. நாலு சுவரோரமும் விரல் கனம் விட்டு, அதை மறைத்து அடிப்பட்டை வைத்தேன். நடுவில் குறுக்கே ஒரு இடத்தில் கூடுதலாக இடம் விட்டு, மெழுகும் தாரும் காய்ச்சி ஊற்றினேன். மண்டபத்துக்காரர் அந்தக் கோட்டைப் பார்த்து ஒரு மாதம் முகம் சுளித்தார்.

அஞ்சலையை அழைக்க முதலாளியே ஆள் அனுப்பினார். முதல் ஆளை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி நேரில் போனபோது நானும் போனேன். நடவு வயலிலிருந்து முழங்கால் சேற்றோடு வந்து வரப்பில் நின்று கேட்டார்.

"வரேன் மொதலாளி. ஆனா இனிமே எறக்குன அன்னிக்கே டைல்ச தூக்கிக் குடுக்கறதில்ல. ஒரு மாசம் வெளிய காத்துல கெடக்கணும். கேக்கறவங்கள நான் பேசிக்கறேன்."

"யாவாரம் போயிடும் அஞ்சல."

"அப்ப நான் இங்கியே நடவு நடறேன்."

முதலாளி சரி என்றார். நான் அஞ்சலையிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அடுத்த சித்திரைக்கு அந்தத் தர இருக்குதான்னு பாப்போம். அப்பறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி வயலில் இறங்கிவிட்டார். அன்றைக்கு மீதியிருந்த நடவை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அதனால் நான் அந்த ஊரில் இன்னொரு வருஷம் இருந்தேன். கால் அரித்தது. இருந்தேன்.

இதற்குப் பல வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் கடைசியில், புதுச்சேரியில் முதன்முதலாக லேமினேட் பலகைப் பெட்டியைப் பிரித்தபோது, கடைக்காரர் எனக்குத் தாளைப் படித்துக் காட்டினார். இரண்டு நாள் பெட்டியோடு அறையில் கிடக்கவிட வேண்டும், சுவரோரம் இடம் விட வேண்டும் என்று இருந்ததாம். சிரிப்பு வந்துவிட்டது. "என்னா மேஸ்திரி?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். பலகை மரத்தூள், டைல் மண். இரண்டும் ஈரம் குடிக்கும், இரண்டுக்கும் இடம் வேண்டும். நாம்தான் கோடு தெரியக் கூடாது என்கிற வீட்டுக்காரருக்குப் பயந்து நெருக்கி வைக்கிறோம். பிறகு பெட்டியைக் குறை சொல்கிறோம். பெட்டிக்குப் பின்னால் நமக்குத் தெரியாத யாரோ ஒருவர் வேலை செய்கிறார். நம் ஒரு சொல்லில் அவர் பிழைப்பு போகும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கூப்பிட்டால்தான் போவேன் என்று இருக்காதீர்கள். நீங்கள் போட்ட தரைக்கு ஒரு வயது ஆனதும் நீங்களாகவே ஒரு நடை போய்ப் பாருங்கள்.

விருத்தாசலத்தில் அந்த அடுத்த சித்திரையில், கத்திரி வெயில் உச்சத்தில், வேலை முடிந்து வருகிற வழியில் அஞ்சலை மண்டபத்துக்கு வந்தார். தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, கூடத்தின் ஒரு மூலையில் மண்டியிட்டு, விரல் முட்டியால் தட்டத் தொடங்கினார். வரிசை வரிசையாக, ஒன்றையும் விடாமல். நானும் மண்டபத்துக்காரரும் சுவரில் சாய்ந்து நின்றோம். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் நிறுத்தி, ஒரே டைலை மூன்று முறை தட்டினார்.

"இது டொக்குங்குது. மாத்திடு."

சுண்ணாம்புக் கட்டியால் அதில் பெருக்கல் குறி போட்டேன். "மத்ததெல்லாம் எப்பிடிக்கா?"

அவர் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டார்.

"மத்தது இருக்குது."